பெட்டியில் இல்லாத பெரிய சைஸ் சட்டை

மெர்சிக்கும் ஜோயலுக்கும்,

போன ஞாயிறு பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட உட்கார்ந்தோமே, அப்போது மெர்சி ஒரு கேள்வி கேட்டாள். அவள் பாடம் நடத்தும் பள்ளியில் பெண்கள் காற்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு இந்த ஆண்டு அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"சனிக்கிழமை ட்ரயல் வைக்கணும்ப்பா. ஆனா யார் யாரை எடுக்கப்போறேன்னு எனக்கு இப்பவே தெரியும். சும்மா பேருக்கு வைக்கிறதுதான். எல்லாப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு ஓட விட்டா அவங்களுக்கும் சந்தோஷம். அதுல ஒண்ணும் தப்பில்லல்ல?"

ஜோயல் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தான் லா செய்றாங்க. எங்க கம்பெனி இன்டர்வியூவே அப்படித்தான்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். காது கேட்டது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் புகுந்து வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். செகண்டரி இரண்டோடு படிப்பை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் மெர்சி திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் செம்பவாங் கப்பல் பட்டறை ஸ்டோரில் இருந்ததும், அங்கே ஆள் குறைத்தபோது வேலை போனதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் தேசிய மகளிர் காற்பந்துக் குழுவுக்கு கிட்மேன் ஆனேன். சட்டை, காலுறை, பந்து, திடலில் வைக்கும் கூம்பு எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. முதல் ஓராண்டு துவைக்கக் கற்றுக்கொள்ளவே போய்விட்டது. வெள்ளையோடு சிவப்பைச் சேர்த்துப் போட்டு, ஒரு ஆட்டம் முழுவதும் குழு இளஞ்சிவப்புக் காலுறையில் ஓடிய கதையைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டீர்கள். ஜோயல் பள்ளியில் "எங்கப்பா சிங்கப்பூர் டீம்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு, என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். பரவாயில்லை.

அந்த வேலையில் துவைப்பதைவிடக் கடினமான ஒன்று இருந்தது. அந்தப் பெண்கள் யாருக்கும் ஆட்டம் சம்பள வேலை அல்ல. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி வங்கியில், சிலர் படிக்கும் பிள்ளைகள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் திடலுக்கு வருவார்கள். பெரிய போட்டி நெருங்கும்போது குழுவைச் சுருக்குவார்கள். எடுக்கப்படாத பெண்ணிடமிருந்து உடுப்பைத் திரும்ப வாங்குவது என் வேலை.

அதற்கு கோச் ஓங் ஒரு முறை வைத்திருந்தார். அவர் ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி, ஒரு காலத்தில் தானும் ஆடியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். பெயர்களை வாட்ஸ்அப்பில் போடுவது அவருக்கு ஆகாது. "அங்கிள், நாற்காலி" என்பார். நான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப்போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் எதிரெதிராகப் போடுவேன். ஒன்று திடலைப் பார்த்து, ஒன்று வேலியைப் பார்த்து. வேலியைப் பார்த்த நாற்காலி அந்தப் பெண்ணுக்கு. அவள் முகம் மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். "நீ இந்தத் தடவை போகவில்லை. காரணம் இது." சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறார் என்ற சுற்றுப் பேச்சு கிடையாது. பிறகு அவளாக எழுந்து போகும்வரை கோச் எழமாட்டார். ஒருமுறை மழை பிடித்துக்கொண்டும் ஒரு பெண் எழவில்லை. கோச்சும் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் குடையோடு போனேன். தூரத்திலேயே கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

அங்கிருந்து அந்தப் பெண் என் அறைக்கு வருவாள். வேலைக்குச் சேர்ந்த வாரமே கோச் எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "என்னிடம் முடிவைக் கேட்ட பிறகுதான் உங்களிடம் வர வேண்டும், அங்கிள். எந்தப் பெண்ணும் தன் முடிவைக் கிட் ரூமில் தெரிந்துகொள்ளக்கூடாது." நானும் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். கதவைப் பாதி சாத்துவேன். அவள் கொடுக்கும் உடுப்பை அவள் எதிரில் எண்ணமாட்டேன். ஒரு காலுறை குறைந்தால் குறையட்டும்.

இவ்வளவு கவனமாக இருந்த இடத்தில்தான் அது நடந்தது.

வாணியை உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வந்து, வாசலில் தலை இடித்துக்கொண்டு, "அங்கிள், உங்க வீட்ல எல்லாரும் குட்டையா?" என்று கேட்டாளே, அவள்தான். கோல்கீப்பர். உட்லண்ட்ஸில் அம்மாவோடு இருந்தாள். சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. பத்து ஆண்டுகளுக்கு மேல் குழுவில் இருந்தாள், பெரும்பாலும் மூன்றாவது கீப்பராக.

மூன்றாவது கீப்பர் என்றால் என்ன என்று மெர்சிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஜோயலுக்குச் சொல்கிறேன். போட்டிக்குக் கூடவே போவாள். பயிற்சியில் மற்றவர்கள் அடிக்கும் பந்தையெல்லாம் பிடிப்பாள். ஆட்டத்தன்று பெஞ்சில் உட்கார்ந்து கத்துவாள். முதல் இரண்டு பேருக்கும் ஏதாவது ஆனால்தான் அவளுக்கு கோல் கம்பம். வாணி எத்தனையோ ஊருக்குப் போய் வந்தாள். ஒரு போட்டி ஆட்டத்திலும் நின்றதில்லை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

"இதுதான் கடைசி, அங்கிள்" என்று அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். "அம்மாக்கு முட்டி போச்சு. ஷிப்ட்டையும் ட்ரெயினிங்கையும் இனிமே சேர்த்து இழுக்க முடியாது. இந்தத் தடவை ஒரே ஒரு மேட்ச் நின்னுட்டேன்னா போதும், அப்புறம் நீங்க கூப்பிட்டாக்கூட வரமாட்டேன்."

அவளுடைய இடத்துக்கு இன்னொருத்தியும் இருந்தாள். நூர். பதினேழு வயது மலாய்ப் பெண், சின்ன உருவம், காலில் நல்ல வேகம். வாணியை "காக்" என்று கூப்பிடுவாள், மலாயில் அக்கா என்று அர்த்தம். வாணிதான் அவளுக்குக் கையுறையைக் காயவைக்கும் விதத்தைக்கூடச் சொல்லிக்கொடுத்தாள். இருவரில் யார் என்று சனிக்கிழமை ட்ரயலில் முடிவாகும் என்று கோச் அறிவித்திருந்தார்.

அதற்கு முந்திய புதன்கிழமை வாணி ஷிப்ட் முடிந்து நேரே திடலுக்கு வந்துவிட்டாள். சீக்கிரம் வரும் நாளெல்லாம் எனக்குப் பெட்டி தூக்கித் தருவாள், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். அன்றைக்குப் போட்டிக்கான புதுச் சட்டைகள் வேனில் வந்து இறங்கின. இரண்டு பேருமாக உள்ளே தூக்கி வைத்தோம். "கீப்பர் சட்டை என்ன கலர் அங்கிள்? போன தடவை மாதிரி வாழைப்பழக் கலரா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் டேப்பைக் கிழித்தாள்.

கீப்பர் சட்டை தனி வெட்டு, தோளிலும் முழங்கையிலும் பஞ்சு வைத்துத் தைப்பார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். விலை அதிகம் என்பதால் போகிற மூன்று பேருக்கு மட்டும்தான் வாங்குவார்கள். மற்ற ஆட்டக்காரர்களுக்கு என்ன சைஸ் என்று நான் சொல்வேன். கீப்பர்களுடையது மட்டும் கோச்சிடமிருந்து ஆபீசுக்குப் போகும்.

வாணி ஒவ்வொன்றாகக் கழுத்துப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள். முதல் கீப்பருக்கு எம். இரண்டாவது கீப்பருக்கும் எம். மீதியெல்லாம் எஸ். மறுபடி அடியிலிருந்து பார்த்தாள்.

"எல் இல்ல, அங்கிள்."

"வேற பெட்டியில இருக்கும்மா."

"வேற பெட்டி இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. எஸ் சைஸ் நூருக்குத்தான் சரியாக இருக்கும், வாணியின் உயரத்துக்கு எல் வேண்டும். அந்தச் சட்டை எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் தைக்கப்பட்டபோது ட்ரயல் தேதியே அறிவிக்கப்படவில்லை.

அவள் கத்தவில்லை. சட்டைகளைப் பழையபடி மடித்து உள்ளே வைத்தாள். என் மேசையிலிருந்து டேப்பை எடுத்துப் பெட்டியை ஒட்டினாள். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்தாள்.

"ட்ரயல் சனிக்கிழமைதானே, அங்கிள்?"

"ஆமாம்மா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனாள். அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? கோச்சிடமா?

சனிக்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள். நான் வழக்கம்போலக் கூடையில் பிப் எடுத்துக்கொண்டு திடலில் நின்றேன். பிப் என்பது அணி பிரிக்க மேலே மாட்டிக்கொள்ளும் கையில்லாத சட்டை. நூர் கம்பத்துக்குக் கீழே கையுறை மாட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். வாணி கையுறையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கோச் வந்து, "ஏன் வார்ம்அப் செய்யவில்லை?" என்றார்.

"ட்ரயல் முடிஞ்சு போச்சே, கோச்."

"என்ன சொல்கிறாய்?"

"சட்டை வந்துடுச்சு. நான் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல அதுல."

கோச்சின் முகம் மாறவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை கோபம் அல்ல. மழையில் குடையை வேண்டாம் என்றபோது பார்த்தாரே, கிட்டத்தட்ட அதே பார்வை. குழுத்தலைவி ஸித்தி, அவள்தான் நர்ஸ், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டிருந்த பிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து என் கூடையில் போட்டாள். பின்னாலேயே ஒருத்தி வந்து போட்டாள். அப்புறம் இன்னொருத்தி. யாரும் எறியவில்லை, ஒவ்வொருத்தியாக வந்து வைத்துவிட்டு வாணி உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் போய் நின்றார்கள். கூடை நிறைந்து கை கனத்தது. கடைசியாக நூர் வந்தாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே சரியாகப் புரியவில்லை. கண்ணில் தண்ணீர். அவளும் வைத்துவிட்டுப் போனாள்.

கோச் நிறைந்த கூடையைப் பார்த்தார். பிறகு, "திங்கட்கிழமை பேசலாம். எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

மறுநாள் பூசை முடிந்து மீன் வாங்கப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே தேக்காவுக்குப் போயிருந்தது. மீன் வெட்டும் பாஸ்கரன் கத்தியை வைத்துவிட்டு, "என்ன அண்ணே, நம்ம பொண்ணை வெட்டி விட்டுட்டாங்களாமே. நம்ம ஆளுங்கறதாலதானே? நீங்க உள்ளே இருந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கிறீங்க" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கிருந்தே வாணிக்குப் போன் போட்டு, இப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்றேன்.

"அதை மட்டும் சொல்ல விடாதீங்க, அங்கிள். நூர் நல்லா ஆடுறா. அந்தப் புள்ள என்ன செஞ்சா? எனக்கு நடந்தது வேற. அதுக்குப் பேரு அது இல்ல."

அதைப் பாஸ்கரனிடம் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியாது. வஞ்சிரத்தை மட்டும் நன்றாக வெட்டிக் கொடுத்தான்.

அன்று மாலை சிவநாதன் ஐயா கூப்பிட்டார். ஆபீசில் நிர்வாகம் பார்த்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மரியாதையான மனிதர். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார்.

"அந்தோணி, நாளைக்கு உங்களையும் கூப்பிடுவினம். சப்ளையர் சைஸ் மாறி அனுப்பிட்டான் எண்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"அது உண்மை இல்லையே, ஐயா."

"உண்மை இல்லைதான்." அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "பேப்பர்ல வந்துதெண்டா ஸ்பான்சர் கையை எடுத்திடுவான். பிறகு வாணியும் போகேலாது, நூரும் போகேலாது, ஒருத்தரும் போகேலாது. இத்தனை பிள்ளையளின்ர உழைப்பையும் யோசியுங்கோ. நான் எனக்காகக் கேக்கேல்ல."

அவர் தனக்காகக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் சங்கடம். கெட்டவர் ஒருவர் கேட்டிருந்தால் மறுப்பது சுலபம். என் வேலை ஆண்டுக்கு ஒருமுறை அவர் கையெழுத்தில்தான் புதுப்பிக்கப்படும். அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. அப்போது மெர்சிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்த நேரம்.

திங்கட்கிழமை ஆபீஸ் அறையில் கோச், சிவநாதன் ஐயா, ஸித்தி, வாணி, நான். வாணி வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். சிவநாதன் ஐயா தொண்டையைச் செருமி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "இது சப்ளையர் பக்கம் நடந்த ஒரு சின்னத் தவறு. அந்தோணியும் இங்கே இருக்கிறார், அவரே..."

வாணி என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சங்கடம் தரக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

கோச் கையை உயர்த்தினார். "தவறு இல்லை. சைஸ் கொடுத்தது நான். நூரை எடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அங்கிளைப் பேச வைக்க வேண்டாம்."

நான் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதற்காகவே இதையும் எழுதி வைக்கிறேன்.

வாணி முதன்முறையாகக் கோச்சை நேராகப் பார்த்தாள். "அப்புறம் ஏன் கோச் என்னைக் கூப்பிட்டீங்க?"

"நீ இத்தனை ஆண்டு வந்தவள். கூப்பிடாமல் விட்டால் உன்னை அவமதிப்பது போல இருக்கும் என்று நினைத்தேன். மரியாதைக்காகக் கூப்பிட்டேன்."

"நான் சனிக்கிழமை லீவுக்காக ரெண்டு பேர்கிட்ட ஷிப்ட் மாத்தினேன், கோச். அதுல ஒருத்திக்குப் பதிலா தீபாவளி அன்னிக்கு நான் வேலைக்குப் போகணும். அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

சிவநாதன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோச் தலை குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

ஸித்தி முந்திக்கொண்டு, "இடம் கொடுங்கள், கோச்" என்றாள்.

"இல்ல ஸித்தி" என்றாள் வாணி. "எனக்கு இடம் வேணாம். ஒரு ட்ரயல் வேணும். நிஜமான ட்ரயல். அப்புறம் போ அப்படின்னா போறேன்."

கோச் நிமிர்ந்தார். "தருகிறேன். ஆனால் நான் பார்க்கமாட்டேன். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், என் கண் இனி இதற்கு உதவாது" என்றார்.

அந்த வார இறுதியில் வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்த, முன்பு கீப்பராக ஆடிய ஒரு அம்மா. இன்னொருவர் இங்கேயே ஒரு பள்ளியில் பயிற்சி தருபவர். இருவரும் வாணியையோ நூரையோ முன்பின் பார்த்ததில்லை. என்னிடம் கோச் சொன்னது ஒன்றுதான். "இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை." பெட்டியிலிருந்த புதுச் சட்டையை நான் தொடவில்லை. பழைய சாம்பல் நிறப் பயிற்சிச் சட்டையில் எண் இல்லாத இரண்டைத் தேடி எடுத்தேன், ஒன்று எஸ், ஒன்று எல். இரண்டையும் ஒரே தண்ணீரில் துவைத்தேன்.

ட்ரயலுக்கு முன் நூர் என் அறைக்கு வந்தாள். "அங்கிள், நான் விலகிக்கொள்கிறேன். காக் வாணி போகட்டும். எனக்கு அடுத்த தடவை இருக்கிறது." அழுதுகொண்டே மலாயும் ஆங்கிலமுமாகச் சொன்னாள். வாணி கதவருகே நின்று கேட்டுவிட்டாள்.

"ஏய், என்ன விளையாடுறியா? நீ இன்னிக்கு ஒரு பந்தை வேணும்னு விட்டே, உன்னை நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்தி அடிப்பேன். மூஞ்சியைக் கழுவு. கையுறையை நனைச்சியா? நனைக்கலன்னா பந்து வழுக்கும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். நூர் அழுகையோடு சிரித்தாள்.

ட்ரயல் நடந்தது. கோச் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்று பந்து எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அடித்தது மற்றப் பெண்கள். சலுகை காட்டி அடித்தால் வாணி திட்டுவாள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் பலமாகவே அடித்தார்கள்.

பக்கவாட்டிலிருந்து உயரமாக வந்த கிராஸ் பந்துகளை வாணி பறித்த விதம் இருக்கிறதே! அத்தனை தலைகளுக்கு மேல் அவள் கை மட்டும் தெரிந்தது. நூர் அப்படி ஒன்றைத் தவறவிட்டாள். என் மனம் துள்ளியது. பிறகு தரையோடு வந்த பந்துகள். அதில் வாணி ஒரு நொடி தாமதித்தாள். நூர் பூனை மாதிரி விழுந்தாள். காலால் பந்தை எடுத்துத் தன் ஆளுக்குக் கொடுப்பதில் நூர் சுத்தம், வாணியின் பந்து இரண்டு தடவை கோட்டுக்கு வெளியே போயிற்று. நான் வாணி ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே நின்றேன். அப்படி நின்ற என் கண்ணுக்கே தெரிந்தது.

வெளியிலிருந்து வந்த இருவரும் தனியாகப் பேசினார்கள். கோச் அவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அங்கிள், நாற்காலி."

திடலில் இருந்த அத்தனை பேரும் நான் நாற்காலி தூக்கிப் போவதைப் பார்த்தார்கள். எத்தனையோ தடவை தூக்கிய நாற்காலிதான். கோல் கம்பத்துக்குப் பின்னால் போட்டேன். ஒன்று திடலைப் பார்த்து, ஒன்று வேலியைப் பார்த்து. கோச் போய் உட்கார்ந்து, "வாணி" என்றார்.

முதல் வாக்கியம் என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. வாணியின் முதுகுதான் தெரிந்தது, சாம்பல் சட்டையில் வியர்வை பரவிய முதுகு. நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருமுறை கோச் ஏதோ சொல்ல, வாணி தலையை ஆட்டினாள். ஒருமுறை வாணி ஏதோ கேட்க, கோச் தன் கையைத் தரையருகே கொண்டுபோய்க் காட்டிப் பதில் சொன்னார். பிறகு வாணி எழுந்தாள். அவள் எழுந்த பிறகுதான் கோச் எழுந்தார்.

என் அறைக்கு வந்தாள். நான் கதவைப் பாதி சாத்தினேன். உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பையில் கொண்டுவந்திருந்தாள். முடிவு இப்படியும் ஆகலாம் என்று தெரிந்தே வந்திருக்கிறாள்.

"எண்ணிப் பாருங்க, அங்கிள்."

"நான் எண்ணமாட்டேன்மா, தெரியாதா உனக்கு?"

"இல்ல, எண்ணுங்க. இன்னிக்கு எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நான் பார்க்கணும்."

எண்ணினேன். அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"அந்த ரெண்டு கிராஸ் புடிச்சேனே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. அந்த ஜோகூர் அம்மா கையே தட்டிட்டாங்க."

"தட்டினாங்களா?" முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது. "போதும்னு சொல்ல மாட்டேன், அங்கிள். போதாது. ஒரு மேட்ச் நின்னிருக்கணும் நான். ஆனா இப்ப வீட்டுக்குப் போய் அழலாம். அந்தப் பெட்டியைப் பார்த்த அன்னிக்கு அழக்கூட வரல. எதுக்குன்னு அழறது? ஆடவே இல்லையே நான்."

போட்டிக்குப் போனோம். மூன்றாவது கீப்பரான நூருக்கு ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினாள். அந்தத் தீபாவளிக்கு வாணி சாங்கியில் வேலை செய்தாள். நம் வீட்டில் தீபாவளி கிடையாது, ஆனாலும் அம்மா அதிரசம் சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள், நான் எம்.ஆர்.டி. ரயில் ஏறிக் கொண்டுபோனேன். நடைபாதையில் நின்றபடியே சாப்பிட்டாள். "காலையிலேயே நூர் வந்துட்டுப் போயிட்டா, அங்கிள். அவளும் ஒரு டப்பா" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு கோச் ஓங் எந்தப் பெண்ணையும் மரியாதைக்காக ட்ரயலுக்குக் கூப்பிடவில்லை. முடிவு முன்பே ஆகிவிட்டிருந்தால் ட்ரயலே கிடையாது, நேரே நாற்காலிதான். ட்ரயல் என்று வைத்தால் அது தொடங்கும் முன்பே கீப்பர் சட்டை எல்லா சைஸிலும் வந்தாக வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார். செலவு அதிகம் என்று சிவநாதன் ஐயா முணுமுணுத்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டார், என் வேலையையும் புதுப்பித்தார். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு போட்டியிலும் ஏதாவது ஒரு சைஸ் சட்டை யாரும் போடாமல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் திரும்பி வரும். ஸ்டோரில் வேலை பார்த்தவனுக்குச் சரக்கு வீணாவது பிடிக்காது. அந்தச் சட்டைகளை அலமாரியில் அடுக்கும்போது மட்டும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மெர்சி, சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்றால் அந்தப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடு, அவர்கள் சனிக்கிழமை வீட்டில் தூங்கட்டும். இல்லை, ட்ரயல்தான் வைக்கப்போகிறேன் என்றால், முதலில் சட்டைகளை எல்லா அளவிலும் வாங்கு. காலையில் நானும் வருகிறேன். பிப் கூடையை நான் தூக்குகிறேன். இரண்டு நாற்காலியும் கொண்டுவருகிறேன்.

அப்பா